சந்திரலேகா

சந்திரலேகா (6 டிசம்பர் 1928 – 30 டிசம்பர் 2006) சென்னையில் வாழ்ந்த நடனக் கலைஞர், நடன அமைப்பாளர், கவிஞர், சுவரொட்டிக் கலைஞர், கண்காட்சி வடிவமைப்பாளர். முழுப்பெயர் சந்திரலேகா பிரபுதாஸ் படேல். பரதநாட்டியத்தின் அடவுகளைக் களரிப்பயிற்றோடும் யோகாசனங்களோடும் சேர்த்து அவர் அமைத்த மேடைப் படைப்புகள் ‘அங்கிகா’வில் (1985) தொடங்கி ‘சரீரா’வில் (2001) முடிகின்றன. கடவுளை எண்ணி ஏங்கும் நாயகி அவற்றில் இல்லை. புராணக் கதை இல்லை. நெற்றிச்சுட்டியும் ராக்கொடியும் இல்லை. ஆடுபவரின் உடம்பு மட்டும் இருக்கும். சென்னையின் சபாக்கள் எளிதில் ஏற்றுக்கொள்ளாத இந்த ஆட்டத்தை ஐரோப்பிய நகரங்களின் அரங்குகள் விரும்பி அழைத்தன.

பெயரைக் கேட்டதும் 1948-இல் எஸ்.எஸ். வாசன் எடுத்த படமும் அதில் வரும் முரசு நடனமும் பலருக்கு நினைவுக்கு வரும். அந்தப் படத்துக்கும் இவருக்கும் தொடர்பு ஏதும் இல்லை.

பிறப்பும் சென்னை வருகையும்

இன்றைய மகாராஷ்டிரத்தில் உள்ள வாடா என்ற ஊரில், குஜராத்திக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை மருத்துவர், கடவுள் உண்டா இல்லையா என்ற கேள்வியில் பட்டுக்கொள்ளாதவர். தாய் பூசையும் விரதமுமாக வாழ்ந்தவர். பள்ளிப் படிப்புக்குப் பின் சட்டம் படிக்கச் சேர்ந்து, அதைப் பாதியில் விட்டுவிட்டு நடனம் கற்கச் சென்னைக்கு வந்தார். கவிஞர் ஹரீந்திரநாத் சட்டோபாத்யாயரின் நட்பு இந்தக் காலத்தில்தான் வாய்த்தது. சரோஜினி நாயுடுவின் தம்பியான ஹரீந்திரநாத் கவிதை, நாடகம், பாட்டு என்று எதிலும் தயங்காமல் கைவைப்பவர். ஒரு கலையைப் பிடித்தால் அதிலேயே வாழ்நாள் முழுக்க நின்றாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதை இளம் சந்திரலேகா கற்றுக்கொண்ட இடம் அது என்று சொல்லலாம்.

அவர் வந்து இறங்கிய சென்னையில் சதிர் என்ற பழைய ஆட்டம் பரதநாட்டியமாக மாறி அதிக நாள் ஆகியிருக்கவில்லை. ருக்மிணி தேவி அருண்டேல் 1935-இல் அடையாறு பிரம்மஞான சபையில் ஆடினார். 1936-இல் கலாக்ஷேத்ரா தொடங்கப்பட்டது. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் வந்தது. ஒரு பக்கம் கலையை அதைப் பரம்பரையாகக் காத்துவந்த இசை வேளாளர் குடும்பங்களின் கையிலிருந்து எடுத்து, சிருங்காரத்தைக் குறைத்து, மேல்சாதிப் பெண்கள் ஆடத் தக்கதாக மாற்றும் வேலை மும்முரமாக நடந்தது. மறுபக்கம் தஞ்சாவூர் பாலசரஸ்வதி, சிருங்காரம்தான் இந்தக் கலையின் உயிர் என்று சொல்லிக்கொண்டு, பரம்பரை வழியில் ஆடிக்கொண்டிருந்தார். ருக்மிணி தேவி, பாலசரஸ்வதி இருவர் ஆட்டத்தையும் பார்த்து இருவரையும் மதித்தவர் சந்திரலேகா. ஆனால் அவர் போய்ச் சேர்ந்தது பரம்பரை ஆசிரியர் ஒருவரிடம்.

காஞ்சிபுரத்து ஆசிரியர்

அவர் காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளை. பாலசரஸ்வதியின் ஆசானான கந்தப்ப பிள்ளையிடம் பாடம் கேட்டவர். கந்தப்பரின் மறைவுக்குப் பிறகு பாலசரஸ்வதிக்கே நட்டுவாங்கம் செய்தவர். பாலசரஸ்வதி 1925-இல், ஏழு வயதில், முதன்முதலாகச் சலங்கை கட்டியதும் காஞ்சிபுரத்து அம்மன் கோயில் ஒன்றில்தான். ஆக, சந்திரலேகா கற்றது அப்போது மேடைக்கெனப் புதிதாகச் செதுக்கப்பட்ட பரதநாட்டியத்தை அல்ல, தாசியாட்டம் என்றே பெயர் சொல்லி வழங்கிய பழைய பாணியை. பின்னாளில் மரபை உடைத்தவர் என்று பேர் எடுத்தவர் மரபின் நடுக்கூடத்திலேயே அமர்ந்து பாடம் கேட்டவர் என்பது அவரை ஏசியவர்களுக்கும் புகழ்ந்தவர்களுக்கும் ஒரே அளவு சங்கடம் தந்த செய்தி.

எல்லப்பரின் பயிற்சியில் அபிநயத்துக்கு முன்னால் அடவு. அடவுக்கு அடிப்படை அரைமண்டி. குதிகால்கள் சேர, பாதங்கள் பக்கவாட்டில் விரிய, முழங்கால் இரண்டும் வெளிப்பக்கம் மடங்கி உடம்பு பாதி இறங்கி நிற்கும் நிலை அது. அப்படி நிற்பவரை எதிரிலிருந்து பார்த்தால் தொடைகளும் கால்களும் ஒரு சாய்சதுரம். நாட்டியாரம்பத்தில் கைகளை நீட்டினால் தோளுக்கு மேல் ஒரு கிடைக்கோடு. முதுகுத்தண்டு இவற்றை நடுவே தாங்கும் செங்குத்துக்கோடு. எல்லாப் பிள்ளைகளும் வலி தாங்கிக்கொண்டு கடந்துபோகும் இந்த நிலையிலேயே சந்திரலேகா நின்றுவிட்டார் எனலாம். இதற்குப் பிறகு வருகிற பதமும் ஜாவளியும் தில்லானாவும் இந்த நிலை இல்லாமல் இல்லையே, அப்படியானால் எது கலை, எது அலங்காரம் என்ற கேள்வி அவரை விடவில்லை.

ராயலசீமா நிதி நிகழ்ச்சி

அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் தவறாமல் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1952-இல் ராயலசீமாவில் கடும் வறட்சி. நிவாரண நிதிக்காகச் சென்னையில் நடந்த நிகழ்ச்சியே சந்திரலேகாவின் அரங்கேற்றம். ‘மதுரா நகரிலோ’ என்ற பாட்டுக்கு ஆடினார். யமுனை நீர் பெருகி ஓடுவதையும் தோழிகள் அதில் விளையாடுவதையும் கையால் காட்ட வேண்டும். காட்டிக்கொண்டிருக்கும்போதே நாளிதழ்களில் பார்த்த படங்கள் நினைவுக்கு வந்தன: வெடித்த நிலம், தகரக் குவளையோடு தண்ணீருக்கு நின்ற வரிசை. வறட்சிக்கென்று பணம் திரட்டும் மேடையில் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருக்கிறோமே என்று ஒரு கணம் உறைந்துபோனார். பிறகு ஆட்டம் தொடர்ந்தது. பார்த்தவர்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது.

இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அதிகம் சொல்லப்பட்ட கதைகள் வழவழப்பாகிவிடும் என்பதால் சற்று எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்வது நல்லது. இதைக் கேட்பவர்கள், அன்றே அவர் கலையை உதறிவிட்டுச் சமூகப் பணிக்கு வந்தார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அதற்குப் பிறகும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆடினார், வெளிநாடு போனார், பெயர் வாங்கினார். 1960-இல் ‘தேவதாசி’ என்ற படைப்பை அமைத்தார். 1972-இல் நடனக் கலைஞர் காமதேவோடு சேர்ந்து ‘நவக்கிரகா’ செய்தார். கோள்களின் நிலைகளை உடம்பின் நிலைகளாக்கிப் பார்த்த இந்த இரண்டாவது படைப்பில் கதை ஏற்கெனவே மெலிந்துவிட்டது. அதோடு மேடையை விட்டார்.

பன்னிரண்டு ஆண்டுகள்

1972 முதல் 1984 வரை அவர் ஆடவில்லை. நடன வரலாறு எழுதுபவர்கள் இந்த ஆண்டுகளை ஓர் இடைவெளியாக ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். அவரைப் புரிந்துகொள்ள நினைப்பவர் நின்று பார்க்க வேண்டியது இங்கேதான்.

கவிதை எழுதினார். சென்னையின் தெருக்காட்சிகளைத் துண்டு துண்டாக அடுக்கிய ஒரு தொகுப்பும் உண்டு. கண்காட்சிகள் வடிவமைத்தார். பெண்கள் இயக்கத்துக்குச் சுவரொட்டிகள் வரைந்தார். இந்த வேலைகளில் இருவர் அவரோடு நின்றனர். ஒருவர் தசரத் படேல். சென்னை ஓவியப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் படித்தவர், அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைத் தொடக்க நாட்களிலிருந்து உருவாக்கியவர்களில் ஒருவர். மற்றவர் பத்திரிகையாளர் சதானந்த் மேனன். பின்னாளில் சந்திரலேகாவின் படைப்புகளுக்கெல்லாம் ஒளியமைத்தவர் இவரே. மூவரும் சேர்ந்து நடத்திய ‘ஸ்கில்ஸ்’ என்ற அமைப்பு, கிராமத்திலும் சேரியிலும் வேலை செய்யும் குழுக்களுக்குச் சுவரொட்டியும் துண்டறிக்கையும் தாங்களே தயாரித்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்தது. விலை கொடுத்து ஓவியரைக் கூப்பிடாமல், கையில் இருக்கும் தாளையும் மையையும் கொண்டு செய்துகொள்ளும் வழிமுறைகள்தான் அங்கே பாடம்.

இந்த வேலைக்கு அரசு கொடுத்த பரிசு, 1982-இல் சந்திரலேகா, சதானந்த் மேனன் இருவர் மீதும் பாய்ந்த தேசத்துரோகக் குற்றச்சாட்டு. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124-அ பிரிவு, திலகர் மேலும் காந்தி மேலும் வெள்ளைக்காரர்கள் சுமத்திய அதே பிரிவு. வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் மையும் தாளும் வைத்துக்கொண்டு வேலை செய்தவர்களைக் காவல்துறை எப்படிப் பார்த்தது என்பதற்கு அது சாட்சி.

சுவரொட்டியில் அவர் கோடு எப்படிப் போனது என்பதைப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. 1984-இல் ஊர்வசி புட்டாலியாவும் ரிது மேனனும் தில்லியில் தொடங்கிய ‘காளி ஃபார் விமன்’ பெண்ணியப் பதிப்பகத்தின் சின்னத்தை வரைந்தவர் சந்திரலேகா. பெண்களின் வாயில்லாத துயரத்தைக் காட்டி இரக்கம் தேடும் பழக்கம் அந்தக் காலச் சுவரொட்டிகளில் நிறைய உண்டு. இவர் வரைந்த பெண்கள் இரக்கம் கேட்பதில்லை. சக்தியின் வடிவங்களிலிருந்தும், நாட்டுப்புறத் தெய்வங்களிலிருந்தும், கோலத்திலிருந்தும் எடுத்த கோடுகள் அவை. கால் விரித்து ஊன்றி நிற்கும். கைகள் நீளும். ஓர் அரைமண்டியைத் தாளில் போட்டால் எப்படி இருக்குமோ அப்படி.

ஆடாத பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் நடனத்தை விட்டு விலகியிருந்தார் என்ற கருத்தை இந்தப் படங்கள் ஒப்புக்கொள்ள விடுவதில்லை. எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று சுவரொட்டி ஒவ்வொன்றிலும் முடிவு செய்தாக வேண்டும், ஏனென்றால் தெருவில் போகிறவர் நின்று பார்ப்பது இரண்டு நொடிதான். இந்தக் கண்டிப்பு ‘அங்கிகா’வில் அப்படியே மேடைக்கு வந்தது.

அங்கிகா

1984 ஜனவரியில் பம்பாயில் மாக்ஸ் முல்லர் பவனும் தேசிய நிகழ்த்துகலை மையமும் சேர்ந்து, ஜெர்மானியரான கியோர்க் லெக்னரின் முயற்சியில், கிழக்கு–மேற்கு நடனச் சந்திப்பு ஒன்றை நடத்தின. அங்கே தம் பழைய படைப்புகளிலிருந்து சில பகுதிகளை அளித்துத்தான் சந்திரலேகா மேடைக்குத் திரும்பினார். மறு ஆண்டு ‘அங்கிகா’ வந்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறு.

நாட்டிய சாஸ்திரம் அபிநயத்தை நான்காகப் பிரிக்கிறது: ஆங்கிகம், வாசிகம், ஆகாரியம், சாத்துவிகம். உடம்பாலும், சொல்லாலும், உடை ஒப்பனையாலும், உள்ளத்து உணர்வாலும் காட்டுவது என்று பொருள். சந்திரலேகா முதலாவதை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, மற்ற மூன்றும் இத்தனை காலம் அதை எப்படி மூடி வைத்திருந்தன என்று காட்ட முனைந்தார். களரி வீரர்கள் வருகிறார்கள். விலங்குகளின் நடையும் பாய்ச்சலும் உடம்பில் ஏறுகின்றன. ஆசனங்கள் வருகின்றன. பிறகு அடவுகள். உழைப்பிலும் போரிலும் சடங்கிலும் பிறந்த அசைவுகள் ஒன்றுக்கொன்று உறவு என்பது பார்வையாளருக்குத் தானாகத் தெரியவரும்.

அதன் நடுவே வர்ணம். கச்சேரியின் உச்சமான இந்த உருப்படியில் நாயகி ஒருத்தி தலைவனை எண்ணி உருகுவாள். தலைவன் கடவுளாகவோ அரசனாகவோ இருப்பான், மேடையில் இருக்க மாட்டான். சந்திரலேகா அவனை மேடையில் உட்கார வைத்துவிட்டார். உயரத்தில் அமர்ந்திருக்கும் ஆணைப் பார்த்துப் பெண் ஆடுகிறாள். இத்தனை நாள் பக்தியாகத் தெரிந்தது இப்போது யாருடைய கண்ணுக்காக ஆடப்படுகிறது என்று வெட்டவெளிச்சமாகிறது. ஒரே ஓர் ஆளை மேடையில் சேர்த்ததன்றி வர்ணத்தில் வேறு எதையும் அவர் மாற்றவில்லை. சென்னை ரசிகர்களில் பலருக்கு இது வயிற்றெரிச்சலைக் கிளப்பியதற்குக் காரணமும் அதுவே. பின்னர் நரவாகனம்: பெண் ஆணின் மேல் ஏறி வருகிறாள். நம் கோயில்களில் நாள்தோறும் பார்க்கும் அம்மன் வாகனத்தைத்தான் அவர் மேடையேற்றினார் என்றாலும், மனிதப் பெண் மனித ஆணை வாகனமாக்கியதைப் பார்ப்பது வேறு அனுபவம்.

காஞ்சிப் பட்டில் விசிறி வைத்துத் தைத்த உடுப்பு, கெம்புக்கல் நகை, தலைசாமான், பூச்சரம் எல்லாம் விடைபெற்றன. இடுக்கிக் கட்டிய எளிய சேலை போதும் என்றார். எல்லப்பர் வழிவந்த மாணவி காஞ்சிப் பட்டைக் களைந்தது சிலருக்குத் துரோகமாகத் தெரிந்தது. உடம்பின் கோடு தெரியாதபடி மூடும் எந்தத் துணியும் வேண்டாம் என்பதே அவர் நோக்கம். பட்டின் மேல் அவருக்கு வெறுப்பு இருந்ததாகத் தெரியவில்லை.

‘சாஸ்திரத்துக்குப் புறம்பு’ என்ற குற்றச்சாட்டு எழுந்தபோது, சாஸ்திரம் உங்களுடைய சபாவை விட மூத்தது என்பதே அவர் தரப்பு வாதத்தின் சாரம். அந்த வாதத்துக்குக் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு.    காஞ்சியிலிருந்து சில கல் தொலைவில் உள்ள கூரத்திலிருந்து கிடைத்த நடராசர் செம்புத் திருமேனி இன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பல்லவர் பாணியைச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் கிடைத்த மிகப் பழைய நடராசர் செம்புகளில் ஒன்று.

நாம் அறிந்த நடராசர் காலைக் குறுக்கே வீசியிருப்பார். கூரத்தார் அப்படிச் செய்வதில்லை. ஒரு காலை முழங்காலோடு மடக்கி மேலே தூக்கியிருக்கிறார். ஊர்த்துவஜானு என்று பெயர். சோழர் காலத்தில் நடராசர் என்றால் காலைக் குறுக்கே வீசிய நிலைதான் என்று உறுதிப்படும் முன்பு, சிற்பிகள் வேறு வேறு நிலைகளைச் செய்து பார்த்திருக்கிறார்கள். காஞ்சி கைலாசநாதர் கோயிலின் சுவர்களில் சிவன் இன்னும் பல விதமாக ஆடுகிறார், ஒரு காலை மண்டியிட்டுக்கூட ஆடுகிறார். மரபு என்று நாம் கைகாட்டுவது பெரும்பாலும் இப்படிப் பல வழிகளில் கடைசியில் நிலைத்த ஒன்றைத்தான். நிலைக்காமல் போனவற்றின் மேல் சந்திரலேகாவுக்கு இருந்த ஆர்வத்தைப் புரட்சி என்று மட்டும் சொல்லித் தீர்க்க முடியாது.

பாலசரஸ்வதி 1975-இல் சென்னைத் தமிழிசைச் சங்கத்தில் ஆற்றிய தலைமையுரையில் நாட்டியக் கச்சேரியின் வரிசையைக் கோயிலுக்கு ஒப்பிட்டார். அலாரிப்பு கோபுரம், பதம் கருவறைக்குள் நுழைவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் போனார். சந்திரலேகா கோயிலை இடித்தவர் என்பார்கள். கோயிலுக்கு வெளியே நின்று கல்லை மட்டும் பார்த்தவர் என்பது பொருத்தமாக இருக்கும். கருவறையில் இருந்ததைப் பற்றி அவருக்கு அதிகம் சொல்ல இல்லை. அது ஒரு குறையா என்ற கேள்விக்கு, பாலசரஸ்வதியின் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் ஒரு பதிலும் பார்க்காதவர்கள் வேறொரு பதிலும் சொல்வார்கள்.

லீலாவதி முதல் சரீரா வரை

‘லீலாவதி’ (1989) அவர் படைப்புகளில் மிகவும் இலேசானது, சிரிப்பு வரவழைப்பது. இரண்டாம் பாஸ்கரர் 1150-ஐ ஒட்டி எழுதிய கணித நூல் அதே பெயர் கொண்டது. வண்டுக் கூட்டத்தில் பாதியின் வர்க்கமூலம் எங்கே போயிற்று என்றெல்லாம் அழகான பெண்ணை விளித்துக் கேட்கும் கணக்குகள் அதில் உண்டு. அந்தக் கணக்குகளை அடவுகளாலும் முத்திரைகளாலும் ஆடச் செய்தார். தாளமே ஒரு கணக்கு என்று தெரிந்த நட்டுவனார்களின் ஊரில் இது எடுபடாமல் போனால்தான் வியப்பு. சபாக்காரர்களும் இதை மட்டும் ரசித்தார்கள்.

‘பிராணா’ (1990) ஆசனங்களையும் நவக்கிரகங்களையும் இணைத்தது. ‘ஸ்ரீ’ (1991) பெண்ணின் முதுகுத்தண்டைப் பற்றியது. குனிந்த முதுகோடு பெண்கள் மேடையை மிக மெதுவாகக் கடக்கிறார்கள். அவர்கள் நிமிர்வதற்குள் பார்ப்பவருக்குத் தன் முதுகே வலிக்கத் தொடங்கிவிடும். இறுதியில் பல கைகளோடு ஓர் உருவம் எழும். நாடக மேடையில் இதுபோன்ற உச்சங்கள் மலிவாகிவிடுவது சுலபம். அதற்கு முன்னால் வந்த நீண்ட குனிந்த நடை இதற்கு விலை கொடுத்துவிடுகிறது. ‘யந்திரா’ (1994) சௌந்தரிய லகரியிலிருந்து பிறந்த முக்கோணங்களின் ஆட்டம். ‘மகாகாள்’ (1995) காலத்தைப் பற்றியது. ‘ராகா’ (1998) ஆணுக்குள் இருக்கும் பெண்மையைத் தேடியது. இதில் ஆண் உடம்புகளை அவர் நடத்திய விதம், ‘அங்கிகா’வின் வர்ணத்தைப் பார்த்து முகம் சுளித்தவர்களை இன்னொரு முறை சுளிக்க வைத்தது. ‘சுலோகா’ (1999) அடுத்து வந்தது, அதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை.

கடைசிப் படைப்பு ‘சரீரா’ (2001). ஒரு பெண், ஓர் ஆண், குந்தேச்சா சகோதரர்களின் துருபத் இசை. ஆலாபனையின் வேகத்தில் அசைவு. தரையில் கிடக்கும் பெண்ணின் கால்கள் விரிய எத்தனை நிமிடம் ஆகிறது என்று எண்ணிக்கொண்டிருப்பவர் ஒரு கட்டத்தில் எண்ணுவதை நிறுத்திவிடுவார். காமத்தை இவ்வளவு வெளிப்படையாகவும் இவ்வளவு நிதானமாகவும் தமிழ்நாட்டு மேடை அதற்கு முன் கண்டதில்லை. ருக்மிணி தேவி வெளியே தள்ளிய சிருங்காரம், பாலசரஸ்வதி பதங்களில் காத்துவைத்த சிருங்காரம், இங்கே பாட்டின் துணையில்லாமல் வந்து நிற்கிறது. கவிஞர் டிஷானி தோஷியும் களரி பயின்ற ஷாஜி ஜானும் இதைப் பல ஆண்டுகள் ஆடினார்கள். டிஷானி முறையாக நடனம் கற்றவர் அல்லர். இருபதுகளின் நடுவில் சந்திரலேகாவிடம் வந்தவர்.

நாடகத்திலும் ஒரு முறை நடித்தார். ஜெர்மானிய நாடகாசிரியர் பிரான்ஸ் சேவர் குரோயட்ஸின் ஒரு வசனம்கூட இல்லாத நாடகத்தை ருஸ்தம் பருச்சா இந்திய நகரங்கள் சிலவற்றில் வெவ்வேறு நடிகையரைக் கொண்டு அமைத்தபோது, சென்னை வடிவத்தில் நடித்தவர் சந்திரலேகா. தனியே வாழும் பெண் ஒருத்தி ஒரு மாலைப் பொழுதில் வீட்டில் செய்யும் வேலைகளே நாடகம். இதே பருச்சா 1995-இல் அவரைப் பற்றி எழுதிய நூல்தான் இன்றுவரை முழுமையானது. அனன்யா சட்டர்ஜி 2004-இல் வெளியிட்ட ஆய்வு அவரை அமெரிக்கக் கறுப்பின நடன அமைப்பாளர் ஜவோல் வில்லா ஜோ ஜோலரோடு அருகருகே வைத்துப் பார்க்கிறது. ஐன் லால் எடுத்த ஆவணப்படமும் உண்டு.

ஏற்பும் எதிர்ப்பும்

1991-இல் சங்கீத நாடக அகாதமி விருதும் 2004-இல் அகாதமியின் உயர் கௌரவமான ஃபெலோஷிப்பும் வந்தன. 1982-இல் தேசத்துரோகி, 2004-இல் தேசத்தின் ரத்தினம். ஜெர்மானிய நடன அமைப்பாளர் பினா பௌஷ் அவருக்கு நண்பர். ஐரோப்பாவில் அவரைப் பினா பௌஷின் இந்தியச் சகோதரி என்பதுபோல் பேசியது அவருக்கு உதவியதா கெடுத்ததா என்பது விவாதத்துக்குரியது. மேற்கைப் பார்த்துக் கற்றுக்கொண்டார் என்று சென்னையில் சொல்ல அது வசதியாக இருந்தது.

நியாயமான குறை வேறொன்று உண்டு. தேவதாசி முறையின் வரலாற்றில் ஆண் பெண்ணைப் பார்த்த பார்வையைச் சந்திரலேகா மேடையில் நிறுத்தினார். சாதியை அந்த அளவுக்கு நிறுத்தவில்லை. ‘அங்கிகா’வின் வர்ணத்தில் உயரத்தில் உட்கார்ந்திருப்பவன் ஆண் என்பது தெரிகிறது. அந்த ஆட்டத்தை இசை வேளாளப் பெண்களிடமிருந்து பறித்து வேறு சாதியார் வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுபோனவர்கள் மேடையில் தெரிவதில்லை. அந்தப் பரம்பரையிலிருந்து வந்த நிருத்யா பிள்ளை போன்ற இன்றைய கலைஞர்கள் இந்தக் கேள்வியை நேராகவே எழுப்புகிறார்கள். எல்லப்பரின் மாணவி இதைக் கையில் எடுத்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

எலியட்ஸ் கடற்கரையில்

பெசன்ட் நகரில் கடற்கரைச் சாலையில் இருந்த அவர் வீடு ‘ஸ்பேசஸ்’ என்ற பெயரில் கலைஞர்களுக்குத் திறந்திருந்தது. மரங்கள் நிறைந்த வளாகத்தில் மண்டலா என்ற திறந்த அரங்கு. நரைத்த தலைமுடியை விரித்து விட்டு, கண்ணுக்கு மை தீட்டி, பெரிய சிவப்புப் பொட்டு வைத்து ஊஞ்சலில் அமர்ந்திருக்கும் அவரைப் பார்க்க வருவோருக்குக் குறைவில்லை. ஒத்திகையும் அங்கேதான், பேச்சும் அங்கேதான். புற்றுநோயால் 2006 டிசம்பர் 30 அன்று இறந்தார். இடத்தைச் சதானந்த் மேனன் தொடர்ந்து நடத்தினார். தசரத் படேல் 2010-இல் மறைந்தார்.

அவரிடம் பத்தாண்டுகள் ஆடிய பத்மினி செட்டூர் அவரை விட்டு விலகிய பிறகு தமக்கென்று ஒரு வழி அமைத்துக்கொண்டார். சந்திரலேகாவிடம் மிச்சமிருந்த குறியீடுகளையும் சக்தி உருவங்களையும் பத்மினி எடுத்துப் போட்டுவிட்டார். மிஞ்சியது மூட்டு, எடை, வேகம். 2016-இல் அவர் செய்த படைப்பின் பெயர் ‘வர்ணம்’. நாயகி ஒருத்திக்குப் பதில் ஒரு குழு. மணிக்கணக்கில் நீளும் ஆட்டம், பழைய வர்ணம் ஒன்றின் சொற்களையும் அசைவுகளையும் பிரித்துப் பிரித்து எடுக்கிறது. ‘அங்கிகா’வில் தலைவனுக்குப் போட்ட இருக்கை இதில் கிடையாது.